மெதுவாக நடப்பவருக்கான பாதை

மலைக்குப் போக இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே யூ டர்ன் சார் எங்களை வேவு பார்க்கத் தொடங்கிவிடுவார். காலையில், வண்டிகளை உள்ளே விடாத நேரத்தில், கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருப்போம். எங்கிருந்தோ வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டு, போன வாரம் கல்யாணத்துக்குப் போனீர்களே, என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்பார். நாமும் வெள்ளந்தியாக இலையில் வைத்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடப்போம். அவருக்கு வடையும் வேண்டாம், பாயசமும் வேண்டாம். எந்த இடத்தில் நமக்கு மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தது என்பதுதான் வேண்டும். அதை மனசில் குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகப் போகிறது. அவர் மாஹேவுக்கு மாற்றலாகிப் போய், அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் இன்றைக்கும் நடக்கும்போது யாராவது கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நான் மூச்சை இழுத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தார். குருசுக்குப்பம் என்ற மீனவர் குப்பத்துக்காரர். ஒல்லி உடம்பு, முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, யாரோ பின்னால் கூப்பிட்டதுபோல அடிக்கடி திரும்பிப் பார்க்கும் பழக்கம். வருகிற கடிதங்களைப் பிரித்து, மேலும் கீழும் பார்த்து, எது எந்தப் பிரிவுக்கு என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. எங்களையும் அவர் தபாலாகத்தான் பார்த்தார் என்று என் பக்கத்து மேசை மல்லிகா சொல்வாள். யாரை எங்கே அனுப்பலாம், யாரை அனுப்பவே கூடாது என்ற யோசனை அந்த முகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது ரயில் மேம்பாலம்தான். அதனால்தானோ என்னவோ அலுவலகத்தில் ஏழெட்டுப் பேருக்கு மலைப் பைத்தியம் பிடித்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் விடுமுறையில், குடும்பத்தோடு வேன் பிடித்து மேற்கே இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போவோம். காட்டுக்குள் தங்க விடமாட்டார்கள். காலையில் உள்ளே போய் மூன்று மணிக்குள் வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும். வாசலில் ஒரு பெரிய பலகை. ஏரிக்கு, அருவிக்கு, ஆற்றுக்கு, புல்வெளிக்கு, உச்சிப் பாறைக்கு என்று ஐந்து பாதைகளை அதில் வரைந்து, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் எல்லோரும் பலகையைப் பார்ப்போம். அவர் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று எங்களைப் பார்ப்பார்.

முதல் வருஷமே பாதை தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டோம். யாரும் கேட்காமலே அவர் அதைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அவருக்கு ஒரே ஒரு சட்டம். "யாரு கடைசியா வர்றாங்களோ, அவங்க போற தூரம்தான் நம்ம தூரம்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கடைசியாக வருகிற ஆள் நாமாக இருக்கும்வரை.

அதைக் கண்டுபிடிக்க அவர் செய்கிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் கண்காணிப்பாளர் பெரிய மனிதர், அவர் அறைக்குள் போகவே நாங்கள் தயங்குவோம். இவர் போய், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியுமா என்று கேட்டார். அவரும் எந்த வீம்பிலோ உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு பேர் போக வேண்டியிருந்தது. மல்லிகா புது ஷூ வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அதை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, நாள் முழுக்கக் கழற்றாமல் இருக்க வைத்தார். பெண்களிடம் கேட்கக் கூச்சப்படும் விஷயங்களை அவர் மனைவி போனில் கேட்பார். அந்த அம்மாள் பேச்சுவாக்கில் விசாரிப்பதுபோலத் தொடங்கி, எந்தத் தேதியில் வரும், எத்தனை நாள் இருக்கும், வலி அதிகமா என்று கேட்டு முடித்து, "அவருதான் கேக்கச் சொன்னாரு, தப்பா நெனச்சுக்காதம்மா" என்பார். எனக்கு ஒருபக்கம் சிரிப்பாக இருக்கும். இன்னொரு பக்கம், நம் உடம்பைப் பற்றி நமக்கே தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாகவும் இருக்கும்.

மூன்றாவது வருஷம்தான் அவருக்கு யூ டர்ன் சார் என்று பெயர் விழுந்தது. அந்தத் தடவை எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருந்ததால் உச்சிப் பாறைக்கே சம்மதித்திருந்தார். வழிகாட்ட வனத்துறை வாட்சர் ஒருவர் கூட வந்தார். எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று புறப்படும்போதே நம்மவர் சொல்லியிருந்தார். பதினொன்றரைக்கு நாங்கள் நின்ற இடத்திலிருந்து பாறை கண்ணுக்குத் தெரிந்தது. பத்து நிமிஷம்தான் என்று வாட்சரே சொன்னார்.

யூ டர்ன் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம் போறதுக்கு. வர்றதுக்கு யாரு குடுப்பா?" என்று சொல்லித் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

வேறு வழியில்லாமல் நாங்களும் இறங்கினோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஒருவர் காலும் சுளுக்கவில்லை. மூன்று மணிக்கு மூடுகிற வாசலுக்கு ஒன்றேமுக்காலுக்கே வந்து, வேனில் ஏறி, ஓட்டுநர் சாப்பிட்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த உட்கார்ந்திருந்த நேரம்தான் எல்லோருக்கும் ஆத்திரத்தைக் கிளப்பியது. என் வீட்டுக்காரர் இரும்புக் கடை வைத்திருப்பவர். மனசில் பட்டதைச் சத்தமாகச் சொல்லிப் பழகியவர். பயந்தாங்கொள்ளியை முன்னால் விட்டால் இப்படித்தான் என்று வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். யூ டர்ன் சார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது.

கடலில் யாரையோ பறிகொடுத்திருப்பார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. குப்பத்துப் பிள்ளை கடலுக்குப் போகாமல் தபால் பிரிவுக்கு வந்திருக்கிறான், இத்தனை பயம் வேறு, அப்படியானால் ஒரு சாவு இருக்கத்தானே வேண்டும். அண்ணன் என்றார்கள் சிலர், மாமா என்றார்கள் சிலர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மல்லிகா நேராகவே கேட்டுவிட்டாள்.

"எங்க வூட்ல ஒருத்தரும் சாவலம்மா. எங்கப்பா நாப்பது வருஷம் கடலுக்குப் போனாரு. நாப்பது வருஷமும் வூட்டுக்கு வந்துட்டாரு. அவ்ளோதான் கதை" என்றார்.

எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. அவரே மேலும் கொஞ்சம் சொன்னார். படகில் ஏறுவதற்கு முன்னால் அவர் அப்பா ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, தூங்கினாயா, சாப்பிட்டாயா, வீட்டில் சண்டையா, உடம்பு எப்படி என்று கேட்பாராம். உடம்பு சரியில்லை என்று சொன்னவனுக்குக் கரையில் ஏதாவது வேலை கொடுப்பார். காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஏறினவனை மறுநாள் கூப்பிட மாட்டார். திட்டவும் மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார், அவன் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த கதவைத் தட்டுவார். ஓர் ஆள் குறைவாகப் போனால் அதற்குத் தகுந்த மாதிரி வலையை எடுத்துக்கொண்டு போகலாம், இருக்கிறான் என்று நம்பின ஆள் நடுக்கடலில் இல்லாமல் போனால் மற்றவர்கள் எல்லோருக்கும் ஆபத்து என்பது அவர் கணக்காம். சொல்லி முடித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

ஐந்தாவது வருஷத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அந்தப் பயணத்துக்கு முந்தின ஜூனில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயது. சமதரையில் நடக்கலாம், ஏற்றம் எல்லாம் நான் சொல்லும்வரை வேண்டாம் என்றார் டாக்டர். கடையில் வேலை செய்பவர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று இவர் பிடிவாதம் பிடித்தார். விழுப்புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு வாரம் இருந்தோம் என்று ஊருக்குச் சொன்னோம். டிசம்பர் வந்தது. இந்தத் தடவை வேண்டாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். தான் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று அந்த ஆள் தோண்டித் துருவிக் கண்டுபிடித்துவிடுவான் என்றார் இவர். அது உண்மைதான். எங்கள் இரண்டு பேர் பெயரையும் நானே கொடுத்தேன்.

டிசம்பர் முழுக்க இவர் கடற்கரைக்கு வரவில்லை. சளி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கத்தில் நடந்தபடி, சாருக்குச் சளி இன்னும் போகவில்லையா என்று நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் வெவ்வேறு மாதிரி பதில் சொன்னேன்.

பொங்கல் விடுமுறையில் பூங்கா வாசலில் பலகை முன்னால் நின்றோம். கண்காணிப்பாளரின் முட்டியை நினைத்து ஏரிப் பாதையை எடுத்தார் அவர். தட்டையான பாதை. என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் இந்தக் குட்டையைச் சுற்றத்தானா இவ்வளவு தூரம் வந்தோம், ஆற்றுப் பாதை மூன்று கிலோமீட்டர்தான், அதுவும் முழுக்க இறக்கம், நாங்கள் இரண்டு பேரும் அதில் போகிறோம் என்றார். அந்த இரண்டு பாதைகளுக்கும் வாட்சர் தேவையில்லை. இறக்கம் என்றதும் எனக்கும் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். டாக்டர் ஏறக் கூடாது என்றுதானே சொன்னார், இறங்குவதற்கு என்ன என்று நினைத்தேன். சமதரையில் பிறந்து சமதரையில் வளர்ந்தவளுக்கு, போகிற பாதையும் வருகிற பாதையும் ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் எந்தப் பக்கமிருந்து நடந்தாலும் அதே தூரம், அதே மூச்சு.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எறக்கம் கணக்கில்லம்மா. வரும்போது இருக்கற ஏத்தம்தான் கணக்கு. சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். என் கைப்பையில், நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அட்டை இருந்தது. பதினொரு மணிக்குத் திரும்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மற்றவர்களோடு ஏரிப் பக்கம் போனார்.

இறங்கும்போது என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் ஓடினார் என்றே சொல்ல வேண்டும். நோயாளி நீதான் என்று என்னைக் கிண்டல் செய்தார். ஆற்றில் கால் நனைத்து, பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தோம். ஏழு மாதத்தில் இவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. எழுந்து போகலாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏறத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் பேச்சு நின்றது. அடுத்த கால் மணியில் நடையும் நின்றது. ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்து, நனைந்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே, கேஸ் ட்ரபிள்தான், ஒன்றுமில்லை என்றார். மாத்திரையை வைத்தேன். போனில் சிக்னல் இல்லை. விட்டுவிட்டு ஏறினால் தனியாகக் கிடப்பார், கூடவே இருந்தால் யாருக்கும் தெரியாது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மேலே இருந்து மூடுபனி மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த சாமி பெயர் எல்லாம் சொன்னேன். இரண்டாவது மாத்திரையை வைத்தபோது அட்டை நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

அதை எடுக்கக் குனிந்தபோதுதான் மேலே காலடிச் சத்தம் கேட்டது. யூ டர்ன் சாரும் ஒரு வாட்சரும் வந்துகொண்டிருந்தார்கள். ஏரியிலிருந்து திரும்பியவர், பன்னிரண்டரைக்கு எங்களை வாசலில் காணவில்லை என்றதும் இறங்கியிருக்கிறார். கீழே கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாட்சரிடம், ஆள் ஏறக் கூடாது, நாற்காலியும் கம்பும் நாலு பேரும் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அவர்கள் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவர் என் வீட்டுக்காரரின் பின்னால் உட்கார்ந்து, முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்போது வந்தது, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், ஏன் சொல்லவில்லை, எதுவும் இல்லை. எத்தனையோ கேட்டு எங்களை வதைத்த மனிதர், கேட்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்புகளில் கட்டி, நாலு பேர் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பின்னால் கம்பைப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். வாசலில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நல்ல வேளை, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் என்று சொல்லி டாக்டர் நிறுத்திக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் யூ டர்ன் சார் கடற்கரைக்கு வரவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் நானே தபால் பிரிவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார். அடுத்த வருஷம் எங்களை விட்டுவிட்டு மற்றவர்களை அழைத்துப் போங்கள், ஆனால் நீங்கள்தான் பாதை எடுக்க வேண்டும் என்றேன்.

கடிதம் பிரிப்பதை நிறுத்தாமலே பேசினார்.

"நான் மலைய பாத்து எடுக்கலம்மா. நீங்க சொல்றத வச்சுதான் எடுத்தேன். இப்ப, மறைச்சாக்கூட இவன் வந்து தூக்கிடுவான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஒருத்தரும் நெசத்த சொல்ல மாட்டாங்க. எத வச்சு எடுக்கறது?"

அடுத்த கடிதத்தைப் பிரித்தார். அதில் பிரிவு எழுதிக்கொண்டே, "எங்கப்பாவா இருந்தா உங்க ரெண்டு பேரையும் கூப்பிட மாட்டாரு. எனக்கு அந்த மனசு வரல. அதனால நான் நின்னுக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ரெட்டியார்பாளையத்தில் எங்களுடையது மாடி வீடு. நாற்காலியில் தூக்கி வந்த நாளிலிருந்து இவர் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்கும் தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டிலேயே கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்து, என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டார்.

"சார், எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. போன ஜூன்ல வச்சாங்க" என்றார். போனை மேசையில் வைத்தார். படிக்கட்டுப் பக்கம் பார்த்தபடி தொடர்ந்தார். "நடுவுல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு மாசமா வூட்டு மாடிப்படி ஏறும்போது நின்னுடறேன். சாவி தேடற மாதிரி பாக்கெட்ட தடவிக்கினு நிப்பேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். தினமும் மேலே கதவருகில் நின்று, சாவியை எங்கே வைத்தீர்கள் என்று நானே கத்தியிருக்கிறேன்.

அவர் போனை வைத்துவிட்டாரோ என்று திரையை எட்டிப் பார்த்தேன். இல்லை.

"எத்தனாவது படில நிக்கறீங்க?" என்று குரல் வந்தது.

"எண்ணினதில்ல சார்."

"எண்ணிட்டு சொல்லுங்க. மெதுவா. நான் லைன்லயே இருக்கேன்."

இவர் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவு மறைத்ததால் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் மேலே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளிப்பிள்ளைபோலச் சத்தமாக எண்ணினார். ஏழில் குரல் தேய்ந்தது. எட்டு என்பது காற்றாக வந்தது. ஒன்பது என்றார், நின்றுவிட்டார். ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டேன். கீழே இருந்து இவர் குரல், எந்த வீம்பும் இல்லாமல், "ஒம்பது சார்" என்று சொல்வது கேட்டது.